கனடாவுக்கு ஒரு தொண்டர்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் குடியிருப்பின் மேலாளர் அம்மாள் கதவைத் தட்டினார். நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் இருக்கும் இந்த அபார்ட்மென்ட் வளாகத்தில் அவர் நேரில் வருகிறார் என்றால் ஒன்று தண்ணீர் நிற்கப்போகிறது, அல்லது நாம் ஏதோ தப்பு செய்திருக்கிறோம்.

"எதிர் வீட்டு பால்கனியில் பெரிய பேனர் ஒன்று தொங்குகிறது. அதில் இருப்பது உங்கள் மொழி என்றார்கள். அந்தப் பெண் எந்தத் தேர்தலில் நிற்கிறாள்?" என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். எதிர் வீடு ரோஜருடையது. பால்கனியின் இடப்பக்கம் சிவப்பு இலை போட்ட கனடா கொடி. கனடா தினமான ஜூலை முதல் தேதி ஒவ்வொரு வருடமும் ஏறும், எங்கள் நான்காம் தேதிச் சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்குள் இறங்கிவிடும், அது பழகிப்போன ஒன்று. வலப்பக்கம் தொங்கியதுதான் புதிது. பத்தடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ். அதில் பட்டமளிப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக என் மகள் ஆதிரை. தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்கள். காலடியில் வரிசையாக வாழ்த்துவோர் தலைகள், ஒவ்வொன்றும் தேங்காய் அளவில். நடுத்தலை ரோஜர். கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தேர்தல் ஒன்றும் இல்லை. அவள் என் மகள்" என்றேன்.

"அழகாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள். கொடியையும்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார். பாராட்டையும் நோட்டீஸையும் ஒரே சிரிப்பில் கொடுக்க இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு வெள்ளைக்காரர் கனடா கொடிக்குப் பக்கத்தில் என் மகளின் படத்தை ஏன் கட்டி வைத்திருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள் கேட்பீர்கள். அதனால் சொல்கிறேன்.

2

ரோஜர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடிபட்ட கார்களைச் சுற்றிவந்து பார்த்து, சேதம் எவ்வளவு என்று மதிப்பிடுவது அவர் தொழில். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. எந்த விஷயத்தையும் நெளிந்த பானெட்டைப் பார்ப்பதுபோல் ஒரு சுற்று சுற்றிவந்துதான் பேசுவார். மனைவி லிண்டா தவறிச் சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. என் மனைவி கற்பகம் வைக்கும் ரசத்தைக் காபிக் கோப்பையில் வாங்கி சூப் போலக் குடிப்பார்.

தன் நாட்டைப் பற்றி அவருடைய மதிப்பீடு இரண்டே சொல்: டோட்டல் லாஸ். ரிப்பேர் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிட்டால் அப்படி எழுதுவார்களாம். கனடாவைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். ஒரே ஓனர், கராஜில் நிறுத்திவைத்த வண்டி, ஒரு கீறல் கிடையாது என்பார்.

"அங்கே பிரதமர் தப்பு செய்தால் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று ஸாரி சொல்கிறார் குமார். ஸாரி!" அந்தச் சொல்லை அவர் உச்சரிக்கும்போது வாயில் ஏதோ இனிப்பு கரைவது போல இருக்கும். "தோற்றவர் அன்றைக்கே ஜெயித்தவரை வாழ்த்துகிறார். கட்சிக்காரர்கள் போதும் என்றால் கிளம்பிவிடுகிறார். இரண்டு மொழியில் பேசுகிறார், இரண்டிலும் கத்துவதில்லை."

மதுரையில் வளர்ந்தவனுக்குக் கத்தாத அரசியல்வாதி என்பதை நம்புவது கஷ்டம். இருந்தாலும் தலையாட்டி வைப்பேன். கற்பகம் அவருக்குக் "கனடாக்காரர்" என்றே பெயர் வைத்துவிட்டாள். இத்தனைக்கும் மனிதர் ஒரு தடவைகூடக் கனடாவுக்குப் போனதில்லை. கல்யாணமான புதிதில் லிண்டாவோடு நயாகரா வரை போயிருக்கிறார். அருவி அந்தப் பக்கத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும் என்றார்களாம். அன்றைக்கென்று விடாத மழை. அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கோடையும் அடுத்த கோடையாகிவிட்டது. பாஸ்போர்ட் எடுத்து, ஒரு முத்திரைகூட விழாமல் அது காலாவதியாகி, இப்போது கையில் இருப்பது இரண்டாவது.

டொரண்டோவின் ஸ்கார்பரோவில் ஜெயந்தன் என்று எனக்கு ஒரு நண்பர் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர், பழைய வேலையில் பழக்கம். ரோஜர் சொல்வதையெல்லாம் அவரிடம் போனில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"உங்கட ரோஜரிட்டச் சொல்லுங்கோ, இஞ்ச ஒரு ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பாக்கிறதுக்கு எத்தனை மாசம் காத்திருக்கோணும் எண்டு. ஸாரி எல்லாம் வடிவாச் சொல்லுவினம். நான் உங்கட நியூ ஜெர்சிக்கு வரத்தான் வழி பாக்கிறன்."

இதை ரோஜரிடம் சொன்னேன். ஒரு சுற்று யோசித்தார். "உன் நண்பர் உள்ளேயே இருக்கிறார். அதனால் அவருக்குத் தெரியவில்லை" என்றார்.

3

இந்த ரகப் பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் சித்தப்பா மதுரையில் ஒரு கட்சியின் வட்டப் பிரதிநிதி. தலைவர் ஊருக்கு வருகிறார் என்றால் ஒரு வாரம் வீட்டில் சாப்பிடமாட்டார். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் எழும். அதில் தலைவர் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு, சித்தப்பா மூலையில் எலுமிச்சம்பழம் அளவு. ஒரு தடவை கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று எங்கள் தெருவைக் கடந்து போனது. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்து அசைந்தது. "என்னையப் பாத்துத்தான்டா கையக் காமிச்சாரு" என்று சித்தப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். விலைவாசி ஏறினால், "தலைவருக்கு விஷயமே தெரியாதுடா, சுத்தி இருக்கிறவய்ங்க சொல்றதில்ல" என்பார்.

கனடாவிலிருந்து ஏதாவது கெட்ட செய்தி வந்தால் ரோஜரும் அச்சு அசலாக இதையேதான் சொல்வார். பிரதமர் நல்லவர், சுற்றியிருப்பவர்கள் சரியில்லை.

"உங்க சித்தப்பாதாங்க இங்க வந்து பொறந்திருக்காரு" என்பாள் கற்பகம். ரோஜர் சித்தப்பாவைவிட மூத்தவர் என்பதையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

சிரிப்பது சுலபம். நானும் ஒரு தொண்டன்தான், என் தலைவர் அமெரிக்கா. சென்னையில் விசா நேர்முகத்துக்குக் காலையில் வரிசையில் நின்றபோது எனக்கு இந்த நாட்டின் மாநிலங்கள் அத்தனையும் மனப்பாடம். கேட்டால் ஒப்பிப்பதாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. வெளியே எதிர்ப் பிளாட்பாரத்தில் அப்பா குடையோடு நின்றார். உள்ளே தடித்த கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியில் ஒரு கை வந்து என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டது. அந்த அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று ஊரெல்லாம் சொன்னேன். சிரித்தாரா என்று இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

4

இரண்டு கோடைகளுக்கு முன்பு ஒரு நாள் ரோஜர் மடிக்கணினியோடு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். டிவி செய்தி பார்த்துவிட்டு வந்த முகம்.

"முடிவு செய்துவிட்டேன். கனடாவுக்குக் குடிபோகிறேன்" என்றார்.

ஆதிரை அப்போது கல்லூரியில் கடைசி வருடத்துக்குப் போகவிருந்தாள். அவருக்கு உதவியாக உட்கார்ந்தாள். கனடா அரசின் இணையதளத்தில் மதிப்பெண் கணக்கு ஒன்று இருக்கிறது. வயது, படிப்பு, வேலை அனுபவம் என்று ஒவ்வொன்றாகப் போட்டால், நீங்கள் அந்த நாட்டுக்கு எவ்வளவு வேண்டியவர் என்று சொல்லிவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பல்தேய்ப்பது மாதிரி. ரோஜருக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

"வயதைப் போட்டுவிட்டேன் அங்கிள்" என்றாள் ஆதிரை.

"எத்தனை மார்க்?"

"ஜீரோ."

ரோஜர் குனிந்து பார்த்தார். பிரெஞ்சு மொழி என்ற இடத்திலும் பூஜ்யம். அடுத்து ஆங்கிலம். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு அவர் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"நானா? ஆங்கிலத்துக்கா?" என்றார். "நான் அமெரிக்கன் என்று அவர்களுக்குத் தெரியுமா?"

"நாங்கல்லாம் எழுதலையா? ரெண்டு மணி நேரந்தான், ஈஸியா இருக்கும்னு சொல்லுங்க" என்று அடுப்படியிலிருந்து கற்பகம் ஆறுதல் சொன்னாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ரோஜர் மடிக்கணினியை மூடினார். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு நாடு தன்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டதை ஜீரணிக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு, பேச்சை மாற்றுவதற்காக என்று நினைக்கிறேன், "நல்லவேளை குமார், உனக்கு இந்தத் தொல்லை எல்லாம் முடிந்துவிட்டது. நீ எப்போது குடியுரிமை வாங்கினாய்?" என்று கேட்டார்.

வாங்கவில்லை என்றேன். க்ரீன் கார்டா? அதுவும் இல்லை. வரிசையில் நிற்கிறேன். எவ்வளவு காலமாக? ஆதிரை மூன்று வயதில் என் தோளில் தூங்கியபடி நெவார்க் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு வரிசையில் நின்றேன். இன்னும் நிற்கிறேன். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை தனி.

"அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டியதுதானே?" என்றார்.

அமெரிக்காவில் பிறந்த அத்தனை பேரும் கேட்கும் கேள்வி இது. ஏதோ ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று விசாரிக்க மறந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஆதிரைதான் பதில் சொன்னாள். வழக்கம்போல ஆங்கிலத்தில். "அங்கிள், எனக்கு இருபத்தொரு வயது ஆனதும் நான் அப்பாவின் வரிசையிலிருந்தே விழுந்துவிடுவேன். அப்புறம் நான் இங்கே யாரும் இல்லை."

ரோஜர் என்னைப் பார்த்தார், கற்பகத்தைப் பார்த்தார். "அது எப்படி?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

5

வழி இல்லாமல் இல்லை. வெளிநாட்டு மாணவி என்று மாறி இங்கேயே மேலே படிக்கலாம். ஆனால் அதற்கு, படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று உறுதி சொல்ல வேண்டும்.

"எந்த நாட்டுக்குப்பா?" என்று கேட்டாள் ஆதிரை. தமிழில் கேட்டாள். அவள் தமிழில் பேசினால் விஷயம் பெரிது என்று எங்களுக்குத் தெரியும்.

மதுரையைச் சொல்லலாம் என்றேன். மதுரையில் அவள் மொத்தமாக நான்கு விடுமுறை இருந்திருக்கிறாள், அதில் இரண்டு வயிற்றுப்போக்கோடு. அவள் பொய் சொல்ல மறுத்துவிட்டாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டொரண்டோவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்து, இடம் கிடைத்த பிறகு சொன்னாள். படித்து முடித்தால் அங்கேயே தங்க நேர்வழி இருக்கிறதாம். அவள் வயதுக்கு அந்த மதிப்பெண் கணக்கில் முழு மார்க்.

இருபது வருடமாகக் கனடாவுக்காக உருகிய மனிதரை அந்த நாடு வேண்டாம் என்றது. கனடா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட யோசித்திராத எங்கள் வீட்டுக்குள் வந்து பெண்ணைக் கேட்டது. கற்பகம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். "நீங்க எதுவும் செய்யல. அதான்" என்றாள்.

சென்ற வருடம் ஆதிரை பட்டம் வாங்கினாள். எங்கள் தமிழ் நண்பர்கள் கூடி விருந்து வைத்தார்கள். பக்கத்து எடிசன் நகரின் ஓக் ட்ரீ ரோட்டில் அரங்கேற்றம், வளைகாப்பு, பட்டமளிப்பு எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுக்கும் கடை இருக்கிறது. அங்கே அடித்ததுதான் இந்தப் பத்தடி. "பட்டம் வென்ற எங்கள் பாசமகளே! பார் போற்ற வாழ்க!" என்று மேலே. "வாழ்த்தும் நெஞ்சங்கள்" என்று கீழே எங்கள் தலைகள். ஊரில் கட்சிக்காரர்கள் ஊர்ப்பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் மேற்கோள் குறிக்குள் போட்டுக்கொள்வார்களே, அதேபோல ரோஜர் தலைக்குக் கீழே 'கனடா' ரோஜர் என்று போட்டிருந்தார்கள்.

ஆதிரை முகத்தை மூடிக்கொண்டாள். "ப்பா, திஸ் இஸ் ஸோ எம்பாரஸிங். நான் என்ன பொலிட்டிஷியனா?"

ரோஜரோ அதன் முன்னால் நின்று விலகவே இல்லை. தன் தலைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கண்கள் பளபளத்தன. "இது அதிகாரபூர்வமானதா?" என்றார்.

சித்தப்பா உயிரோடு இருந்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பார்.

6

ஆகஸ்ட் கடைசியில் கிளம்ப வேண்டும். டொரண்டோவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், நானே போய்க்கொள்கிறேன் என்றாள் ஆதிரை. குக்கர், இட்லிப் பாத்திரம், மிக்ஸி, இரண்டு குளிர்காலத்துக்கான துணி என்று கற்பகம் கட்டி வைத்ததை எந்த விமானமும் ஏற்றிக்கொள்ளாது. தவிர, எவ்வளவு தூரம் கூடவே போக முடியுமோ அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அவளுக்கு.

எவ்வளவு தூரம் என்று கம்பெனி வக்கீலம்மாவிடம் கேட்டேன். என் விசா நீட்டிப்பு அப்போது பாதியில் நின்றது. "போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். போனால் திரும்பி வருவதைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது" என்றார். ஆகவே நயாகரா வரை. ஆற்றின் இந்தக் கரை வரை.

"அந்தக் கரையிலிருந்து நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்றார் ரோஜர். அவரை யாரும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டாவது பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். பைண்டிங் பிரியாத புதுப் புத்தகம்போல இருந்தது.

ஏழு மணி நேரப் பயணம். என் வேனில் முன்னால் என் பக்கத்தில் ரோஜர், பின்னால் அம்மாவும் மகளும். கூரையில் கட்டிய மூட்டைகள் நனையாமல் இருக்க அந்த ஃப்ளெக்ஸைப் போர்த்திக் கயிறு போட்டிருந்தேன். ஊரில் கூட்டம் முடிந்ததும் ஃப்ளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக் கூரையாகவும் இட்லிக்கடை மறைப்பாகவும் மாறுமே, அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ரோஜர் வழியெல்லாம் கனடா அதிகாரி கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் ஒத்திகை பார்த்தார். உங்கள் நாட்டை நான் எவ்வளவு காலமாக மதிக்கிறேன் என்று ஒரு முன்னுரையும் தயார் செய்திருந்தார்.

பாலத்துக்கு முன்னால் நானும் கற்பகமும் இறங்கிக்கொண்டோம். ஆதிரை கற்பகத்தைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் வந்து, "ப்பா, நான் போயிட்டு வர்றேன்" என்றாள். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் தங்கிய ஒன்று அதுதான் போல. நான் கூரைக் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். ரோஜர் ஸ்டியரிங்கைப் பிடித்து, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் பாலத்தின்மேல் சிறிதாகிப் போய்விட்டது. நாங்கள் ஆற்றோரக் கம்பியருகே வந்து நின்றோம். கீழே ஆறு, நடுவே அருவியின் சாரல், எதிர்க்கரையில் எறும்பு வரிசைபோல மனிதர்கள். ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது.

"ப்பா, வந்துட்டோம்! கம்பிக்கிட்ட நிக்கிறோம். கை ஆட்டுறேன், தெரியுதா?"

"எங்கம்மா?"

"ஃப்ளாக் இருக்கிற இடத்துல."

அந்தக் கரை முழுக்கக் கொடி. எல்லாவற்றிலும் அதே சிவப்பு இலை. ரோஜரின் தலைவர் எல்லாக் கம்பத்திலும் இருந்தார், என் மகள் எங்கே என்று தெரியவில்லை. கற்பகம் அங்கிருந்த காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்து இடமும் வலமும் திருப்பினாள். "காணோங்க, காணோங்க" என்றாள்.

அப்போது எதிர்க்கரையில் வெள்ளையாக ஏதோ விரிந்தது. காற்றில் அடித்துப் புரண்டது. திரும்பியது. பட்டம் வென்ற எங்கள் பாசமகள், சூரியக் கதிர்களோடு, பத்தடிக்கு ஆறடி.

"அய்யோ, எம்புள்ள!" என்று கற்பகம் கத்தினாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தெரியறா, தெரியறா! சிரிக்கிறா. ரோஜர்தாங்க அழுவறாரு." பிறகு குரல் மாறியது. "ஏங்க, யூனிஃபார்ம் போட்டவன் ஒருத்தன் வர்றான். அவங்ககிட்டதான் வர்றான்."

ஃப்ளெக்ஸ் கீழே இறங்கியது. போன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. இத்தனை வருடம் வரிசையில் நின்றவனுக்கு யூனிஃபார்ம் என்றால் ஒரே அர்த்தம்தான். கண்டபடி பேனர் பிடித்ததற்காக மாணவி அனுமதியையே ரத்து செய்து, முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள், இந்தப் பக்கமும் உள்ளே விடமாட்டார்கள், பாலத்தின் நடுவிலேயே நிற்பாள் என்றெல்லாம் மனது ஓடியது. தொலைநோக்கி 'டக்'கென்று மூடிக்கொண்டது. என் பையில் சில்லறை இல்லை. கற்பகம் மூடிய கண்ணாடியிலேயே கண்ணை வைத்தபடி நின்றாள்.

ஃப்ளெக்ஸ் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை புரளாமல், விறைப்பாக. யாரோ ஒருவர் ஒரு கால் டாலர் காசு இரவல் கொடுத்தார். கற்பகம் பார்த்தாள்.

"அவனும் ஒரு முனையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்ங்க" என்றாள்.

மறுநாள் மதியம், இந்தக் கரையில் நாங்கள் இரவு தங்கியிருந்த விடுதிக்கு ரோஜர் வேனோடு திரும்பி வந்தார். எல்லையில் அவருடைய முன்னுரைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டதாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், இரண்டே கேள்வி. ஜெயந்தன் வீட்டில் ஆதிரைக்கு அடித்தள அறை. அங்கே அவரும் ஒரு ராத்திரி தங்கி, கனடாவைப் பற்றி ஜெயந்தன் சொன்ன குறை அத்தனையும் கேட்டிருக்கிறார்.

"பெயின்ட் அடித்து மறைத்த இடம் நிறைய இருக்கிறது குமார். அதையும் சொல்லிவிடுகிறேன்" என்றார். பிறகு ஆற்றங்கரைக்கு வந்தார். "அந்தக் காவலர் வந்து, ஸாரி, இங்கே பேனர் பிடிக்க அனுமதி இல்லை என்றார். இவளுடைய அப்பா அம்மா அக்கரையில் நிற்கிறார்கள், இங்கே வர முடியாது என்றேன். ஏன் முடியாது என்று கேட்டார். சொன்னேன். அவர் உங்கள் பக்கமாகப் பார்த்தார். மறுபடியும் ஸாரி என்றார். இரண்டாவது ஸாரி வேறு மாதிரி இருந்தது. அப்புறம் காற்றில் பறந்த முனையை எட்டிப் பிடித்துக்கொண்டார்."

நான் ஏதாவது கேலி சொல்வேன் என்று கற்பகம் என்னைப் பார்த்தாள். என்னிடம் கேலி எதுவும் இல்லை. இந்தக் கரையில் இத்தனை வருடத்தில் எங்கள் வரிசையைப் பற்றி யாரும் எங்களிடம் ஒரு ஸாரி சொன்னதில்லை. வக்கீலம்மாகூட.

7

அதற்குப் பிறகு நாங்கள் ஆதிரையை நேரில் பார்க்கவில்லை. மூன்று வயதிலிருந்து வளர்ந்த ஊருக்கு அவள் இப்போது விருந்தாளி விசா வாங்கி வர வேண்டும். நேர்முகத்துக்குத் தேதி கிடைக்கவில்லை. கிடைத்தாலும், அமெரிக்காவில் தங்கிவிடமாட்டாய் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பார்களாம். வக்கீலம்மா இன்னும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேலாளர் அம்மாள் போன பிறகு எதிர் வீட்டுக்குப் போய் ரோஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பால்கனியில் நின்று கொடியையும் ஃப்ளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். கனடாவின் நாள் வந்ததே, அங்கே தனக்குத் தெரிந்த ஒரே ஆளையும் சேர்த்து மாட்டலாமே என்று தோன்றியதாம்.

"வெள்ளிக்கிழமையா? சரி. சனிக்கிழமை எப்படியும் அது நமக்குத் தேவைப்படுகிறதே" என்றார்.

சனிக்கிழமை மறுபடி நயாகரா போகிறோம். இந்தத் தடவை ஃப்ளெக்ஸை இந்தக் கரையில் நானும் கற்பகமும் பிடிக்க வேண்டும். ரோஜர் அக்கரைக்குச் சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் கொண்டு போகிறார். அந்தக் காவலரைத் தேடிப் பார்க்கப் போகிறாராம்.

நேற்று ஆதிரை போன் பண்ணினாள். தன் பக்கத்திலும் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறாளாம், ஸ்கார்பரோ தமிழ்க் கடையில். அவமானம் என்று முகத்தை மூடிக்கொண்ட பெண்.

"யார் படம்மா?"

"சர்ப்ரைஸ்ப்பா. டோன்ட் ஆஸ்க்."

கேட்கவில்லை. ஜெயந்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு ரகசியம் காக்க வராது.

"நீங்களும் உங்கட மனுசியும்தான். ரெண்டு பேரும் கும்பிட்டபடி. பிள்ளை தானே எழுதிக் குடுத்து அடிப்பிச்சது. உங்கட பேருக்கு முன்னால ஒரு பட்டமும் போட்டிருக்கு."

"என்ன பட்டம்?"

ஜெயந்தன் எழுத்துக்கூட்டுவதுபோல நிறுத்தி வாசித்தார். "'அமெரிக்கா' குமார்."